பன்னிரண்டு ஸ்புரூஸ் கன்றுகள்

அந்தப் பனி நாட்டில் குடியுரிமை கேட்கும் ஒவ்வொரு குடும்பமும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பன்னிரண்டு கன்றுகளை நட்டு, முதல் குளிர்காலத்தில் ஒன்றுகூடச் சாகாமல் காப்பாற்றிக் காட்ட வேண்டும்.

புயல் வந்த அன்று சுகந்தி வீட்டில் தனியாக இருந்தாள். வேலைக்குப் போன கணவன் நேசராசா, வீதிகளை மூடிவிட்டதால் நகரத்திலேயே மாட்டிக்கொண்டான். அவள் கன்றுகளுக்குக் காற்றடிக்கும் பக்கமாகக் கம்புகளை அறைந்து சாக்குகளைக் கட்டினாள். சாக்கு தீர்ந்ததும் ஜன்னல் திரைகளைக் கழற்றிக் கட்டினாள். மணிக்கு ஒருமுறை வெளியே போய், பனிப் பாரத்தில் வளைந்த கிளைகளைத் துடைப்பத்தால் கீழிருந்து மெல்லத் தூக்கி உதறினாள்.

"நீர் உள்ள போம். மரம் போனாப் போகட்டும்," என்று போனில் கெஞ்சினான் நேசராசா.

"மரம் போனா நாங்களும் போகவேணுமப்பா," என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி கையுறையை மாட்டினாள்.

பனி கரைந்ததும் அதிகாரி வந்தார். ஒரு கன்று மட்டும் சாய்ந்திருந்தது. அதன் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை.

"காப்பாற்றியது யார்?"

"இவா தான். தனிய நிண்டு காப்பாத்தினவா," என்றான் நேசராசா.

குடியுரிமைப் பத்திரம் வந்தபோது, குடும்பத் தலைவர் என்ற இடத்தில் சுகந்தியின் பெயர் இருந்தது. அவளைச் சார்ந்தவர் என்ற இடத்தில் அவன் பெயர்.

நேசராசா யாழ்ப்பாணத்துக்குப் போன் போட்டு, "அம்மா, இந்த நாட்டில நான் சுகந்தியின்ர ஆள்!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.