ஜோடி சேராத ரேம்

கம்ப்யூட்டர் திரை மறுபடியும் நீலமாகி உயிரை விட்டது. காலையிலிருந்து இது ஏழாவது தடவை.

"சனியனே!" என்று மேசையைக் குத்தினாள் நர்ஸ்.

ஆஸ்பத்திரியில் அவளைப் போல நிதானமான ஆள் கிடையாது என்பார்கள். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், அந்த நிதானம் யூனிஃபார்மோடு கழன்றுவிடும்.

மணி நாலு. ஐந்து மணிக்கு இறுதிப் போட்டி. இருவர் இருவராக ஆடும் ஆன்லைன் சண்டை விளையாட்டு. மூன்று வருஷமாக அவளும் அண்ணியும்தான் ஜோடி. இறுதி வரை வந்தது இதுதான் முதல் முறை.

"என்னதான் ஆச்சு?" கணவன் எட்டிப் பார்த்தான்.

"ரேம்தான் பிரச்சினை. ஒண்ணு வேகம், ஒண்ணு மந்தம். சேர்த்துப் போட்டா மந்தத்தோட வேகத்துலதான் ரெண்டும் ஓடுது. மந்தத்தை அடிச்சு விரட்டினா படுத்துக்குது."

"பொருத்தம் பார்க்காம ஜோடி சேர்த்தா அப்படித்தான்."

"யாரைச் சொல்றீங்க?"

கணவன் சமையலறைக்கு நழுவிவிட்டான்.

குற்றம் அவளுடையதுதான். போன வாரம் வேகத்துக்காக இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வோல்டேஜை ஏற்றி, ஜோடியாக இருந்த ரேம் அட்டைகளில் ஒன்றைப் பொசுக்கிவிட்டாள். அதே ரகம் எந்தக் கடையிலும் இல்லை. மறுநாள் அண்ணன்தான் இந்த மந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். "தெரிஞ்ச கடையில சும்மா கிடந்துச்சு" என்றான்.

ரேம்கூடப் பரவாயில்லை, அண்ணியை நினைத்தால்தான் அவளுக்குக் கவலை. இந்த வாரம் பயிற்சியில் அண்ணி சண்டை நடுவில் சிலை மாதிரி நிற்கிறாள். அடி வாங்கிய பிறகுதான் அசைகிறாள். கேட்டால், "கவனம் சிதறிடுச்சும்மா" என்று ஒரே பாட்டு.

ஆள் மாற்ற நாலரை மணி வரை அவகாசம் இருந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவரும் இதே விளையாட்டை ஆடுகிறவர்; கூப்பிட்டால் ஓடி வருவார். அவளுக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் அண்ணி பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டாள். அப்புறம்தான் போனை எடுத்தாள்.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. இன்னைக்கு உங்களுக்குப் பதிலா எக்ஸ்ரேக்காரரைப் போட்டுட்டேன். நீங்க ஆடுற லட்சணத்துக்கு முதல் ரவுண்டுலயே மானம் போயிடும்."



"சரிம்மா. ஜெயிச்சா போதும். உன் கம்ப்யூட்டர் எப்படி இருக்கு?"

"அதை ஏன் கேக்கறீங்க! அண்ணன் குடுத்த ரேம் கழுத்தறுக்குது. வேகத்தைக் கூட்டினா ஒண்ணு இருட்டாகுது, இல்ல நீலமாகுது."

"வேகத்தை மூவாயிரத்துல வை. அதுக்கு மேல போகாதே. முதல் தடவை திரை இருட்டாத்தான் இருக்கும். நீ பொறுக்காம உடனே ஆஃப் பண்ணியிருப்பே. அரை நிமிஷம் சும்மா விடு, தானா எழுந்துக்கும்."

மூவாயிரத்தில் வைத்தாள். இருட்டு. கை சுவிட்சுக்கு ஓடியது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். இருபத்தெட்டு எண்ணும்போது திரை எழுந்தது. விளையாட்டைத் திறந்து நாலு சுற்று ஆடிப் பார்த்தாள். ஒரு தடங்கல் இல்லை.

மணி நாலு நாற்பது. ஆள் மாற்றும் பட்டியலை மூடிவிட்டார்கள்.

சந்தோஷம் தாங்காமல் மறுபடியும் போன் போட்டாள். "அண்ணி, பிரமாதம்! அந்த ரேமைக் கண்ணால பார்க்காமலே எப்படி இவ்வளவு கரெக்டா சொன்னீங்க?"

அண்ணி தயங்கினாள்.

"சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். அது மூணு வருஷமா என் கம்ப்யூட்டர்ல இருந்ததும்மா. ரெண்டு இருந்ததுல ஒண்ணை உனக்குக் கழட்டிக் குடுத்துட்டு, மிச்சம் இருக்கற ஒண்ணுல ஆடினா ஆட்டம் அங்கங்கே நின்னு கொஞ்சம் திணறும்னு தெரியும். இவ்வளவு திணறும்னு நினைக்கல."