குரல் பொருத்த வந்தவர்

மூன்றாவது முறையாகக் கேட்டாள். பதில் இல்லை.

அவர் பாட்டுக்குக் கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. குரலின் வேகத்தைக் கூட்ட வேண்டும். அவள் நிரல் எழுதும் கோட் எடிட்டரில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் கணினி வாசித்துக் காட்ட வேண்டும். கண் தெரியாதவளுக்கு அதுதான் திரை. சொந்தக் கணினியில் இருபது நிமிடத்தில் தானே பொருத்திக்கொண்டவள். இங்கே புது வேலை. சிஸ்டம் பிரிவு ஆள் வந்துதான் செய்ய வேண்டுமாம்.

வந்தவர் குணசீலன். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் ஒரு குரலை வைத்தார். குழந்தைக்குச் சோறூட்டும் குரல். அது ஒரு அடைப்புக்குறியைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கொட்டாவி விட்டு முடித்தாள்.

சத்தமோ ஹால் முழுக்கக் கேட்டது. நாலு மேசை தள்ளி யாரோ சிரித்தார்கள்.

அப்புறம் ஸ்பீக்கர்மேல் விரல் உரசும் சத்தம். கரகரவென்றது. தூசு தட்டுகிறாராக்கும்.

"ஏனுங்க மெர்லின், வாசிக்குதுங்களா? கரெக்டா வருதா?"

பக்கத்து மேசைப் பெண்ணைத்தான் கேட்டார். கேட்கப்போகிறவளை அல்ல.

"எனக்குக் காது இருக்குதுங்க" என்றாள் அவள், கீபோர்டின்மேல் குனிந்தபடி.

தட்டல் நிற்கவே இல்லை.

இந்த வகையறாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். பஸ்ஸில் அவளுடைய டிக்கெட்டைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் தருகிறவர்கள். "இவங்க என்ன சாப்பிடுவாங்க?" என்று தோழியிடம் விசாரிக்கிற சர்வர்கள். கண் இல்லையென்றால் வாயும் இல்லை, மூளையும் இல்லை. அதே கூட்டத்தில் ஒருவர், கழுத்தில் அடையாள அட்டையோடு.

மெர்லின்தான் கடைசியில் சொன்னாள். "சார், அவங்களுக்கு இன்னும் ஸ்பீடா வேணுமாம்."

"அப்படிங்களா? வெச்சுரலாங்க."

மெர்லின் சொன்னால் மட்டும் காதில் விழுகிறது!

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். தலையை நிமிர்த்தி, சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்.

மரமண்டை.

தட்டுகிற ஓசை நின்றது.

ஒரு மூச்சு நேரம். பிறகு மறுபடி தொடங்கியது.

பத்து நிமிடத்தில் குரல் ஓட ஆரம்பித்தது. அவளுக்குப் பழகிய வேகம். வேறு யாருக்கும் அது வண்டு இரைச்சல்.

"ஏதாச்சும்னா மெசேஜ் போடுங்க மேடம்!" என்று கத்திவிட்டுப் போனார்.

"கத்தறதைப் பாருங்க. நான் செவிடுன்னு நெனச்சுட்டாரா?"

மெர்லின் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டாள்.

"அவருக்குத்தாங்க காது கேக்காது. காலேஜ் படிக்கறப்பக் காய்ச்சல்ல போயிருச்சாம். உதட்டைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவாரு. நீங்க குனிஞ்சே பேசினீங்களா..."

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்; குரல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வரியும் அவளுக்குள் போகவில்லை.

மெசேஜ் போட்டால் நாலு சொல்லில் முடிந்துவிடும். எழுதினாள்.

அழித்தாள்.

கோலை எடுத்துக்கொண்டு, படிகளை எண்ணிக்கொண்டு மேல்மாடிக்குப் போனாள். சிஸ்டம் அறையின் கதவைத் தட்டினாள். தட்டியது எவ்வளவு அபத்தம் என்று உறைத்ததும் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

நாற்காலி நகர்ந்தது. எழுந்து வரும் காலடி.

அவள் பேசத் தொடங்கினாள்.

"கொஞ்சம் இருங்க மேடம்." இப்போதும் சத்தமாகத்தான். "ஜன்னல் பக்கமாத் திரும்பிக்குங்க. உங்க முகத்துல வெளிச்சம் இல்லைங்க."

இடது தோளில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பினாள்.

அவர் எதிரே வந்து நிற்கும்வரை காத்திருந்தாள்.