இரண்டு தூக்குப்போசிகள்

மிளகு மண்டியிலிருந்து கணவன் அஷ்பாக் போன் செய்ததும், சூப்பில் மறுபடியும் உப்பை மறந்துவிட்டோம் என்றுதான் சித்திகா நினைத்தாள். போன வாரம் அப்படித்தான் ஆயிற்று. வைத்த இரண்டு சூப்பிலும் உப்பில்லை. அஷ்பாக் ஒரு வாய் குடித்துவிட்டு அன்று முழுக்க அதையே சொல்லிக் காட்டினான்.

பக்கத்து வீட்டு நாமகிரி அப்படியில்லை. உப்பும் ஒறப்பும் கணக்கா இருந்துச்சு கண்ணு என்று சொல்லி, சூப் ஊற்றிக் கொடுத்த தூக்குப்போசியைக் கழுவிக் கொடுத்தாள். அந்த நல்ல மனசை நினைத்து சித்திகா உருகிப்போனாள்.

ஆனால் இன்றைக்கு அஷ்பாக்கின் புகார் உப்பைப் பற்றியதல்ல.

"ஏன் சித்திகா, இது கோழியாச்சே. மாட்டுக் கொத்துக்கறி எங்க போச்சு?"

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கொல்லிமலையில் மிளகு வாங்கி விற்கிறவன் அஷ்பாக். ஞாயிற்றுக்கிழமை மூட்டைகளோடு கீழே இறங்கினால், வரும்போது மாட்டுக் கொத்துக்கறி வாங்கி வருவான். வெங்காயம், இஞ்சி, பூண்டோடு அதைத் தண்ணீர் சுண்டும்வரை வதக்கி, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு போட்டு, தட்டிய மிளகை அள்ளித் தூவி, கெட்டியாக ஒரு சூப் வைப்பாள் சித்திகா. மலைக்குளிருக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம்.

டைபாய்டில் கிடந்து எழுந்த நாமகிரிக்கும் அதே சூப்தான், கோழிக் கொத்துக்கறியில். அதற்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. யாரும் சித்திகாவை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நாமகிரி வீட்டில் கோழியும் ஆடும் சாப்பிடுவார்கள். மாடு மட்டும் சாமி. காலையில் எழுந்ததும் கொட்டத்துக்குப் போய்ப் பசுவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மனிதர்களிடமே பேசுவாள் நாமகிரி.

இன்று சூப்பை ஊற்றும் நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள். காதில் போனை இடுக்கிக்கொண்டே சித்திகா ஊற்றி மூடினாள். இரண்டு தூக்குப்போசியும் கல்யாணத்துக்கு வந்த ஒரே ஜோடி. மூடிவிட்டால் எது எதுவென்று தெரியாது. ஒன்றை அஷ்பாக் மண்டிக்கு எடுத்துப் போனான். மற்றொன்றை அவளே வேலிக்கு மேலாக நாமகிரியிடம் நீட்டினாள்.

தூக்குப்போசி மாறிப்போனதை அவள் அஷ்பாக்கிடம் சொன்னாள். வாயைத் திறக்காதே என்றான் அவன். தெரியாமல் நடந்ததை நாமகிரிக்குத் தெரியாமலே விட்டுவிடு, சொன்னால் இந்த ஊரில் ஒருவரும் நமக்கு மிளகு போட மாட்டார்கள் என்றான். அவன் சொன்னதில் தப்பும் இல்லை.

சித்திகாவால்தான் முடியவில்லை. மலைக்கு வந்த புதிதில், பேச ஆளில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவளை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தவள் நாமகிரி. அவளை ஏமாற்றிவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு பால் வாங்கப் போவது? ஒருவேளை இன்னும் குடிக்காமல் வைத்திருக்கலாம் என்ற நப்பாசையில், வீட்டுச் செருப்போடு ஓடினாள்.

வாசலில் படுத்திருந்த நாய் வாலாட்டியது. குழாயடியில் தூக்குப்போசி கழுவிக் கவிழ்த்திருந்தது. கொட்டத்தில் பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. சித்திகாவுக்கு அந்தப் பக்கம் பார்க்கவே கூசியது.

நாமகிரி கட்டிலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க."

"இரு கண்ணு. மொதல்ல நாஞ் சொல்லிப்போடறேன்" என்று நாமகிரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாமகிரியின் கண் கலங்கியிருந்தது. கண்டுபிடித்துவிட்டாள் என்று சித்திகா நினைத்தாள்.

"உன்ற சூப்பை இத்தன நாளா நான் குடிக்கவே இல்ல. உங்கூட்டுச் சட்டியில என்ன வெந்துச்சோன்னு பயந்துக்கிட்டு, அத்தனையும் நாய்க்குத்தான் ஊத்தினேன். உங்கிட்ட மட்டும் நல்லாருக்குன்னு பொய் சொன்னேன்."

சித்திகாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தனிச் சட்டி, தனிக் கரண்டி, கோழிக்காகக் கறிக்கடையில் காத்து நின்றது, எல்லாம் நாய்க்கா? கோபம் சுர்ரென்று ஏறியது. ஏறிய வேகத்தில், இன்னொன்றும் உறைத்தது. அப்படியானால் இன்றைய சூப்பும் நாய்க்குத்தான் போயிருக்கும்.

அல்லாவே என்று அவளுக்கு உயிர் வந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாவம் இறங்கி ஓடியது. ஒரு தப்பும் நடக்கவில்லை, இனி எதையும் சொல்ல வேண்டியதில்லை. சிரிப்புகூட வந்துவிட்டது அவளுக்கு. பரவாயில்லைங்க அக்கா, அதையெல்லாம் மறந்திருங்க என்று நாமகிரியின் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்து நாமகிரிக்கு அழுகை இன்னும் பெருகியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நேத்து அந்த மழையில நனஞ்சுக்கிட்டுக் கொண்டாந்து குடுத்தயே, எனக்கே என்னைய நெனச்சாக் கேவலமாப் போச்சு. இன்னிக்குத்தான் கண்ணு, உன்னைய நம்பி ஒரு சொட்டு உடாமக் குடிச்சேன்."