ஐந்து வருடப் பூ

பால்கனித் தொட்டியில் ஐந்து வருடமாக ரோத்யா வளர்த்த லைலாக் செடி இன்றுதான் பூத்தது. கொத்துகளை வெட்டி மனைவி காப்பாவிடம் நீட்டினான்.

"டீயும் போட்டுக் கொடுத்தே, இப்போ பூவா? இந்தச் செடி செத்துப்போச்சு, தூக்கிப் போடுன்னு நான் கத்தாத நாளில்லையே."

"குளிர்ல கிடந்தாத்தான் அது பூக்கும். பொறுமை வேணும், காப்பா."

அவள் எண்ணிப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆறு கொத்து இருக்கே, மக்கு. உயிரோட இருக்கறவங்களுக்கு ஒத்தப்படையிலதானே பூ கொடுக்கணும். ரெட்டப்படை கல்லறைக்கு. எண்ணத் தெரியாதா உனக்கு?"

"எண்ணித்தான் வெட்டினேன்" என்ற ரோத்யா, அவள் கையிலிருந்த கோப்பையை வாங்கி அதன் அடியைப் பார்த்தான்.

"டீயை முழுசாக் குடிச்சிட்டே, இல்ல?"