தரையில் எழுந்த கடை

சமாதானக் குழுவின் கூடத்தில் ஜன்னல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஐந்தாண்டுத் திட்டம் போடுவதற்கு முன், சண்டையிட்ட இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து, இன்றைக்கு இருக்கிறபடி தங்கள் தெருக்களைத் தரையில் சாக்பீஸால் வரைகிறார்கள். கோடு கோணினால் துடைக்க ஈரத்துணியோடு குந்தியிருக்கிறார் பிளம்பர். தையல்காரரின் மனைவியின் வாய் ஏதோ பேசிக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்கு முனையில் ஒரு கடையைப் போடுகிறது. வாசல், பலகை, மிஷின், மிஷினுக்கு முன்னால் ஒரு ஸ்டூல். சுற்றியிருந்தவர்கள் வரைவதை நிறுத்துகிறார்கள். கலவரத்தன்று அந்தக் கடை தையல்காரரோடு சேர்ந்து எரிந்தது. கொளுத்தியவன் பிளம்பரின் தம்பி. இந்த வரைதலை நடத்த வந்த வெளியூர்ப் பயிற்சியாளருக்கு மட்டும் அது தெரியாது.

“காலையில பார்த்தேனே, அங்க வெறும் இடந்தான். அண்ணே, அதைத் துடைச்சிடுங்க.”

பிளம்பருக்குக் கை எழ மாட்டேன் என்கிறது. துணி சொட்டி முழங்கால் நனைகிறது. அவள் தான் போட்டதை அப்போதுதான் பார்க்கிறாள்.

“துணியைக் குடுங்க தம்பி, நானே துடைச்சிடுறேன்.”

வாசலிலிருந்து தொடங்கி மெதுவாகத் துடைக்கிறாள். ஸ்டூல் கடைசியில் போகிறது.

“சரி, அஞ்சு வருஷம் கழிச்சு அந்த இடத்துல என்ன வேணும்? யார் வரையறீங்க?”

பிளம்பர் சாக்பீஸை எடுத்து அவளிடம் நீட்டுகிறார். நீட்டியபடியே இருக்கிறார்.