மூடி போட்ட தொட்டி

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் வீட்ல யாரு தம்பி இருப்பா?"

இப்ராஹிம் பாய் இப்படிக் கேட்டதும் திருநாவுக்கரசுக்குச் சுருக்கென்றது. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் பழைய பட்டறைச் சாமான் விற்கிற பாயின் கடைக்கு, இரும்புச் சாமான் கழுவத் தொட்டி வாங்க வந்தவன் அவன். அவனிடம் கேட்கிற கேள்வியா இது?

"பொஞ்சாதி" என்று வாய் தவறிச் சொல்லியும் விட்டான். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

திருநாவுக்கரசு லேசுப்பட்ட ஆளில்லை. கோயில் பிரசாதத்தையே ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவான். போன வருடம் எவனோ ஒருவன் சிரிக்கச் சிரிக்கப் பேசி, ஓட்டைக் கம்ப்ரசர் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டான். அன்றிலிருந்து தன்மையாகப் பேசுகிற கடைக்காரன் என்றாலே அவனுக்கு ஆகாது. இன்னொரு தரம் ஏமாந்தால் பொஞ்சாதி ரமணி முகத்தில் எப்படி முழிப்பது?

தொழிற்சாலை வேலை போக மிச்ச நேரத்தில், தீவில் இருக்கிற ஜெலுத்தோங் வீட்டு வாசலில் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் பூட்டுவது அவன் வழக்கம். கழற்றியதைப் பிளாஸ்டிக் பேசினில் பெட்ரோல் ஊற்றி ஊறப்போட்டு, குத்தவைத்துத் தேய்த்துத் தேய்த்து இடுப்பே போய்விட்டது. வேலைக்கு லீவு போட்ட இன்றைக்கும் ஒரு கார்புரேட்டரை ஊறப்போட்டுவிட்டுத்தான் கடல் பாலம் கடந்து வந்திருந்தான்.

போதாததற்கு அதிலும் ஒரு திருட்டு. வெள்ளிக்கிழமை மதிய ஷிஃப்ட் முடிந்து ராத்திரி வந்து பார்த்தால், பேசின் வைத்த இடத்தில் இருக்காது. ஒரு சாண் தள்ளி இருக்கும். சாக்பீஸால் வட்டம் போட்டே கண்டுபிடித்துவிட்டான். பக்கத்து வீட்டு லோகேஸ்வரன்தான் பெட்ரோலை எடுக்கிறான் என்று முடிவுகட்டி, இரண்டு மாதமாக அவனோடு பேச்சு வார்த்தை கிடையாது.

கடையில் இரண்டு தொட்டிகள் இருந்தன. ஒன்று பிளாஸ்டிக். சின்ன பம்பு உண்டு, மூடி கிடையாது. இன்னொன்று இரும்பு. கனமான மூடி, விலை இரண்டு மடங்கு.

பிளாஸ்டிக்கைக் கை காட்டினான்.

"அது வேணாம் தம்பி. இரும்பையே எடுங்க. அதே விலைக்குத் தர்றேன் லா. ஆனா பெட்ரோல் ஊத்தக் கூடாது, இதுக்குன்னு தனியா எண்ணெய் இருக்கு."

அடேயப்பா! இரட்டை விலைச் சாமான் பாதி விலைக்கு. எண்ணெயும் இவரிடமே வாங்க வேண்டுமாக்கும். திருட்டுச் சாமானோ? தரையில் படுத்து, கைப்பேசி வெளிச்சத்தில் தொட்டியின் அடியைப் பார்த்தான். ஓட்டை இல்லை. ஓட்டை இல்லாதது இன்னும் சந்தேகமாக இருந்தது.

கல்லாவில் இருந்த பாயின் மனைவி ரோஹானா வேறு. வலது கையைத் துப்பட்டாவுக்குள்ளேயே வைத்திருந்தாள். தேநீரைக்கூட இடது கையால்தான் வைத்தாள். அப்படி என்னத்தை ஒளித்து வைத்திருக்கிறாள்? அவன் தேநீரைத் தொடவில்லை.

"வீட்ல சாம்பிராணி போடுறது உண்டா தம்பி?"

பொறுமை போய்விட்டது. "சாமான் விக்கிறீங்களா, சம்பந்தம் பேசுறீங்களா பாய்?"

பாய் சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

ரோஹானா எழுந்து இரும்புத் தொட்டியிடம் வந்தாள். மூடியைத் தாங்கிய கம்பியில் கட்டைவிரல் அளவுக்கு ஈயத்துண்டு மாதிரி ஒன்று இருந்தது.

"தீ பட்டா இது உருகிடும். மூடி தானா விழுந்து தீய அமத்திடும்."

துப்பட்டாவை விலக்கி, வலது கையால் கம்பியைத் தட்டிவிட்டாள். மூடி டமாரென்று விழுந்தது.

அந்தக் கையில் விரல்கள் தனித்தனியாக இல்லை. முழங்கை வரைக்கும் தோல் சுருங்கி இழுத்து ஒட்டியிருந்தது.

"உங்க ஆளுங்க வீட்ல வெள்ளிக்கிழமை. எங்க வீட்ல வியாழக்கிழமை சாயந்திரம், மஃரிபு தொழுகை நேரத்துல சாம்பிராணி போடுவோம். இவரு சாமான் கழுவுற பெட்ரோல் பேசினை மூடியிருப்பாருன்னு நம்பி, நெருப்புச் சட்டிய எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போனேன்."

பாய் தலையைத் தூக்கவில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மணி ஏழு. திருநாவுக்கரசு அவசரமாகப் போனை எடுத்து ரமணிக்கு அடித்தான். பேசின் வாசலில் செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கிறது. ரமணி சாமி மாடத்தில் ஆரம்பித்து வாசல் வரைக்கும் சாம்பிராணி காட்டுவாள்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். முருகா, முருகா.

மூன்றாம் தரம் இருமிக்கொண்டே எடுத்தாள். "சாம்பிராணி போட்டுக்கிட்டு இருக்கேன். இப்ப என்ன அவசரம்?"

"வாசலுக்குப் போவாத! அங்க பேசின்ல..."

"அதுவா? நீங்க கிளம்பினதுமே கொல்லைக்குத் தூக்கிட்டுப் போய் மூடி வச்சிட்டேன். மூணு மாசமா வெள்ளிக்கிழமை வந்தா தூக்கி வைக்கிறதும், புகை அடங்கினதும் திரும்ப வாசல்ல கொண்டாந்து வைக்கிறதும்தான் எனக்கு வேலை. உங்கள நம்பி வீட்ல நெருப்பு பத்த வைக்க முடியுமா?"

அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தான். லோகேஸ்வரன் முகம் ஒரு நொடி வந்து போனது. ஆறிப்போன தேநீரை எடுத்து, முகர்ந்து பார்க்காமல் ஒரே மடக்கில் குடித்தான்.

ரோஹானா இடது கையால் பில் புத்தகத்தைத் திறந்து, என்ன பேர் போடுவது என்று கேட்டாள்.

"ரமணி" என்றான்.