ஆண்டுக் கட்டணம்

ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால் தேவலை.

நினைத்த மறுகணம் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றிலும் பார்த்தான். நல்லவேளை, நினைப்பது யாருக்கும் கேட்பதில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் மாமனாருக்கு ஆஞ்சியோ நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் இரும்பு நாற்காலியில் அவன். பக்கத்தில் மனைவி வாசுகி, வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டபடி. சுவரோரம் அவள் தம்பி குணா, பணப்பையை நெஞ்சோடு அணைத்தபடி.

சட்டைப்பையில் அந்த கிரெடிட் கார்டு கனத்தது.

சாதாரண கார்டு இல்லை. உலோகம். மேசையில் போட்டால் ணங்கென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினான் என்பாள் வாசுகி. அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் தகடு.

"கழுத்துல கட்டிக்குங்க. காத்து கருப்பு அண்டாது."

அந்த கார்டுக்கு வருஷம் ஒரு முறை கட்டணம் உண்டு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவு செய்துவிட்டால் தள்ளுபடி. அந்த வருஷம் இன்றோடு முடிகிறது. இன்னும் நாற்பதாயிரம் தேய்த்தாக வேண்டும்.

இதுவரை ஒரு பைசா கட்டியதில்லை. அது அவனுக்கு மானப் பிரச்சினை. பக்கத்து வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் வாங்கக் கிளம்பினால் கூடவே கிளம்புவான். நான் தேய்த்துவிடுகிறேன், நீங்கள் எனக்குக் கொடுத்துவிடுங்கள். அலுவலக நண்பர் மகளின் பள்ளிக் கட்டணம், அபார்ட்மென்ட் ஜெனரேட்டருக்கு டீசல், யாரோ ஒருவர் வீட்டு நிச்சயதார்த்தச் சாப்பாடு. ஊரார் செலவெல்லாம் இவன் கணக்கில்.

அப்படிக் கட்டிக் காத்து என்ன கண்டான்?

விமான நிலையத்தில் தனி அறையில் உட்கார்ந்து ஓசியில் சாப்பிடலாம். அவன் விமானம் ஏறி மூன்று வருஷமாகிறது. பாயிண்டுகளைச் சேர்த்து ஒரு சூட்கேஸ் வாங்கினான். மாமனாரின் வேட்டியும் துண்டும் இன்று காலை அதில்தான் வந்தன.

கட்டணத்தைக் கட்டி வைத்துக்கொள்ளலாமா, கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? ஒரு வாரமாக இதே யோசனை. கட்டினால் தோற்ற மாதிரி. திருப்பிக் கொடுத்தால் அதைவிடத் தோற்ற மாதிரி.

உள்ளே கொண்டுபோகும்போதுகூட மாமனார் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மகனிடம் சொன்னார்.

"டேய், பில்ல அத்தானே தேய்க்கட்டும். நீ காச அவர்ட்ட குடுத்துரு. மாப்ளைக்கு இன்னைக்குத்தான் கடைசி நாளாம்."

தள்ளிக்கொண்டு போன நர்ஸ் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அவ்வளவு நல்ல மனிதர்.

ஆஞ்சியோவோடு முடிந்தால் இருபதாயிரம் சொச்சம். போதாது. ஸ்டென்ட் என்றால் லட்சத்தைத் தாண்டும்.

சே, என்ன புத்தி இது.

நல்லபடியாக ஆகட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லி முடிப்பதற்குள் கணக்கு மறுபடி எழுந்து உட்கார்ந்தது. ஒன்றே ஒன்று போதும். சின்னதாக. இப்போதெல்லாம் இது ஒரு விஷயமா? மறுநாளே நடக்கவிட்டுவிடுகிறார்கள்.

வாசுகி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

கதவு திறந்தது.

"பயப்பட ஒண்ணுமில்ல. அடைப்பு லேசாத்தான் இருக்கு. ஸ்டென்ட் எல்லாம் வேணாம். மாத்திரையே போதும்" என்றார் டாக்டர்.

குணா பையோடு சேர்த்துக் கும்பிட்டான். வாசுகி உடைந்து அழுதாள். அழுதுகொண்டே, பதினாறு வருஷப் பழக்கத்தில், அவன் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

அவனுக்கும் சிரிப்பு வந்தது.

ஒரு நொடி தாமதமாக வந்தது.

அவள் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

வார்டில் மாமனார் தெளிவாக இருந்தார். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"மன்னிச்சுக்குங்க மாப்ளே. பில்லு கொறஞ்சு போச்சு."

குணா விழுந்து விழுந்து சிரித்தான். டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸும் சிரித்தாள். அவனும் சிரித்து வைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த அந்தக் கால்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

வாசுகி சிரிக்கவில்லை. போர்வையை இழுத்து அப்பாவின் கால்களை மூடினாள்.

குணா பணப்பையை அவன் கையில் கொடுத்தான். "தேய்ச்சிட்டு வந்துருங்க அத்தான்."

பில் கட்டும் இடத்துக்கு அவளும் கூட வந்தாள். வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றாள். முன்னால் நின்றவர் நகர்ந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, அந்த ஃபீஸு எவ்வளவு?"

இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதேயில்லை. அவனும் சொன்னதில்லை.

சொன்னான். வரியோடு சேர்த்துப் பதினோராயிரத்து எண்ணூறு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "கார்டா, கேஷா சார்?" என்று கேட்டார்கள்.

ஒரு கை சட்டைப்பைமேல் இருந்தது. மறு கையில் குணாவின் பை. அவன் திரும்பி வாசுகியைப் பார்த்தான்.

"அவ்வளவுதானா?" என்றாள் அவள்.